பனிக் கிராமத்தில் காத்திருந்த ரைம்கீப்பர்

1. ஊரடங்குக் காலத்தில் பக்கத்து வீட்டு ரைம்கீப்பர் மாமாவும் நானும் ஓர் இணைய விளையாட்டில் சேர்ந்தோம்.
2. அதில் இருவர் சேர்ந்தே போகக்கூடிய மலைப் பயணம் ஒன்றைத் தொடங்கினோம். பயணத் தலைவி நான்.
3. பாதி வழியில் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. "ரெண்டு கிழமை பொறுங்கோ மாமா" என்றேன்.
4. நான்கு வருடங்கள் அந்த விளையாட்டை நான் திறக்கவேயில்லை.
5. போன மாதம் திறந்தேன்.

மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால் பிழை எந்த வரியில் இருக்கிறதென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மேலே உள்ள ஐந்து வரிகளைப் பல தடவை வாசித்துவிட்டேன். எழுதாமல் விட்ட ஒரு வரியில்தான் பிழை இருக்கிறது.

மாமா யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ரைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று எழுதி எழுதியே அவருடைய வலது கைப் பெருவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. கனடாவில் இருக்கும் மகள் முகம் பார்த்துக் கதைப்பதற்காக ஒரு மடிக்கணினி அனுப்பியிருந்தாள். "பிள்ளை, படம் வருது, சத்தம் வரேல்லை" என்று மதிலால் எட்டிக் கூப்பிட்டதில் தொடங்கியது எல்லாம். சத்தத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு என் கணினியில் இருந்த விளையாட்டைக் காட்டினேன். வாளோடு ஓடும் என் பாத்திரத்தைக் கனநேரம் பார்த்தார்.

"உதிலை ஒருத்தரையும் வெட்டாமல் இருக்க ஏலாதோ?"

"வைத்தியர் எண்டு ஒரு ஆள் இருக்கு மாமா. மற்றவைக்கு உயிர் குடுக்கிற வேலை. ஆனால் தனிய ஒரு எலியைக்கூடக் கொல்ல ஏலாது."

"அப்ப எனக்கு உது காணும். வேறை வேண்டாம்."

அப்படித்தான் எங்கள் ஊரான கோப்பாயில் அறுபத்தாறு வயதில் ஒரு மந்திர வைத்தியர் உருவானார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு வருவார். நாலு ஒன்றுக்கு நான் வந்தால், "ஒரு நிமிசம் பிந்தி" என்பார். தட்டச்சு அவருக்கு வராது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவதற்குள் நான் செத்துவிடுவேன். அதனால் அவர் வீட்டு யன்னலடியில் அவரும் என் வீட்டு யன்னலடியில் நானும் இருந்துகொண்டு மதிலுக்கு மேலால் கத்துவோம். "பிள்ளை, உமக்கு உயிர் குறையுது! பின்னாலை வாரும், பின்னாலை வாரும்!" மாமி குசினியில் சமைத்துக்கொண்டே சொல்வா: "மெல்லமாக் கத்துங்கோப்பா. ஆரும் கேட்டா அம்புலன்ஸைக் கூப்பிடப் போகினம்."

மலைப் பயணத்துக்கு ஒரு விதி உண்டு. உள்ளே போன இருவரும் பயணம் முடியும்வரை வேறு எவரோடும் சேர முடியாது. தலைவர் மட்டுமே அதை நடுவில் நிறுத்தலாம். தலைவர் ஒரு மாதத்துக்கு மேல் வராவிட்டால், 'முறைப்பாடு செய்' என்ற பொத்தானை மற்றவர் அழுத்தி விடுபடலாம். பெயர்தான் முறைப்பாடு, அதனால் எவருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தப் பொத்தானைப் பற்றி எனக்குத் தெரியும். மாமாவுக்கு நான் விளங்கப்படுத்தவில்லை. எழுதாமல் விட்ட வரி இதுதான்.

மலையின் நடுவில் ஒரு பனிக் கிராமம் வரும். அங்கே வந்து சேர்ந்த அன்று எனக்கு வேலைக் கடிதம் வந்தது. கொழும்புக்குப் போனேன். தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வருவேன். மதிலடியில் மாமா கேட்பார்: "வேலை எப்பிடிப் பிள்ளை?" "பரவாயில்லை மாமா." அவ்வளவுதான். அவர் அதை எப்போதோ விட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் ஒரு நிமிடம் போயிருக்கும். போன வருடம் அம்மா தொலைபேசியில், "மாமாவுக்குச் சீனி வருத்தம் கண்ணைப் பிடிச்சிட்டுது, ஒண்டும் தெரியுதில்லையாம்" என்றா. "ஐயோ" என்றேன். ஒரு கூட்டம் தொடங்க இருந்தது, தொலைபேசியை வைத்துவிட்டேன்.

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று நிறுவனம் சொன்னதால் போன மாதம் ஊருக்கு வந்துவிட்டேன். ஒரு ஞாயிறு பின்னேரம் விளையாட்டைத் திறந்தேன். அதே பனிக் கிராமம். மாமாவின் வைத்தியர் நெருப்படியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நான் விட்டுப்போன நாளில் ஆட்டத்தில் எந்தப் படிநிலையில் இருந்தாரோ அதே படிநிலை. என் அஞ்சல் பெட்டி நிறைந்திருந்தது. எல்லாம் அவர் அனுப்பியவை. ஒவ்வொன்றோடும் ஒரு மூலிகை வேர்; அந்தக் கிராமத்தில் பறிக்கக்கூடியது அது மட்டும்தான். கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரி:

"பி.ப. 4.00 வந்தேன். பிள்ளை இல்லை. பி.ப. 4.30 போனேன்."

முதல் வருடம் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும். பிறகு வெள்ளிக்கிழமைகளில். பிற்பாடு எழுத்துகள் பிழைக்கத் தொடங்கின. கொம்பு ஓரிடத்தில், எழுத்து வேறோரிடத்தில். கடைசிக் கடிதத்தில் "4.00 வ" என்று மட்டும் இருந்தது. அதற்கும் ஒரு வேர் சேர்த்திருந்தார்.

கணினியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். என் குரலைக் கேட்டதும் முகத்தைத் திருப்பினார்.

"பிள்ளையே? எப்ப வந்தனீர்?"

சொன்னேன். விளையாட்டைத் திறந்ததையும் சொன்னேன். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "வேரெல்லாம் கிடைச்சுதோ?" என்றார்.

"கிடைச்சுது மாமா. நீங்கள் ஏன் அந்தப் பொத்தானை அமத்தேல்லை? முறைப்பாடு எண்டு ஒண்டு இருந்ததெல்லே? அமத்தியிருந்தா வேறை ஆக்களோடை விளையாடியிருக்கலாம்."

"பார்த்தனான். மகளிட்டையும் கேட்டனான். அவள், அமத்துங்கோ அப்பா எண்டுதான் சொன்னவள்." கதிரைக் கையைத் தடவினார். "பிள்ளை, நான் முப்பது வருசம் உந்த வேலை செய்தனான். கொண்டக்டர் வரேல்லை எண்டு நான் ஒரு றிப்போட் எழுதினா, அது அவன்ரை ஃபைலிலை கிடக்கும். பென்சன் எடுக்கிற வரைக்கும் கிடக்கும். நீர் கொம்பியூட்டர் கொம்பனியிலை புதுசாச் சேர்ந்த பிள்ளை. கொம்பியூட்டருக்குள்ளையே உம்மடை பேரிலை ஒரு முறைப்பாடு போனா?"

அது வெறும் விளையாட்டு, இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். உள்ளேயிருந்து மாமி வந்து தேத்தண்ணியை வைத்தா. "நானும் சொல்லிப் பார்த்தனான். மதிலாலை ஒருக்காக் கேட்டுவிடுங்கோ எண்டு. பிள்ளைக்கு வேலை கூட, கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டிட்டார்."

"இப்ப என்ன செய்ய மாமா? நான் வாசிச்சு வாசிச்சுச் சொல்லட்டே? மிச்சத்தைப் போவமே?"

சிரித்தார். "நீர் வெட்டுப்பட்டா எனக்கு எப்பிடித் தெரியும்? நிப்பாட்டிவிடும்."

அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே நிறுத்தினேன். பயணம் கலைக்கப்பட்டது, இருவரும் விடுவிக்கப்பட்டனர் என்று திரையில் வந்தது. அதை வாசித்துக் காட்டினேன்.

"உம்மடை பேரிலை ஒண்டும் விழேல்லையே?"

"இல்லை மாமா. ஒண்டும் விழேல்லை."

இப்போதைய நிலை இது: பயணம் இல்லை. மாமாவின் வைத்தியர் இனி எவரோடும் சேரலாம். மாமா கணினியைத் திறப்பதில்லை. வேர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அவை என்னிடம் இருக்கின்றன.