பின்சீட்டைக் கழற்றிய கதை

மற்ற மெக்கானிக்குகள் ஓடாத காரை ஓட வைப்பார்கள். ரேலிக்குக் கார் கட்டுகிறவன் நன்றாக ஓடுகிற காரை உடைத்துத்தான் பிள்ளையார் சுழி போடுவான்.

ஸ்பானர் நழுவி விரல் முட்டியைப் பெயர்த்துக்கொண்டவர்களே, 'சின்ன வேலைதாண்ணே' என்று வாடிக்கையாளர் சொன்னதை நம்பி மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்காகத்தான். அரிமளத்தில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கிளட்ச் மாற்றுவது, லோடு வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை அடிப்பது, கல்யாணத்துக்குப் போன வேனை வழியிலிருந்து இழுத்து வருவது என்று ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்தவனை ஒரு சின்னக் கார் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

சின்ன வேலை

சோமசுந்தரம் வளைகுடாவில் பத்தொன்பது வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். அவர் ஓட்டிய பாலைவனத்து ரோட்டைக் குறுக்கே கடந்து வருடா வருடம் ரேலி கார்கள் போகுமாம். அந்த முகாமுக்குத் தண்ணீர் இறக்கிவிட்டு, வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்துப் பார்த்து ஆசை ஊறிப்போயிருக்கிறது. இப்போது கம்பெனி மாறுகிறார். புது விசா வர ஆறு மாதம் ஆகும். அதற்குள் ஒரு ரேலியில் ஓட்டிவிட வேண்டும், அதுவும் வீட்டில் நிற்கிற தன் சொந்தக் காரில்.

ரேலி என்றால் ஊர்வலம் இல்லை. காட்டுப் பாதையை அடைத்துத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு காராக நேரம் பார்த்து விரட்டுவார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அடுத்த வளைவு எப்படி என்று நோட்டைப் பார்த்து வாசிப்பார். இது தெரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆனது. நமக்கு ஆகாத வேலை என்று சொல்லி அனுப்பிவிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனுசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவண்ணே. ஜெயிக்கல்லாம் வேணாம். கடைசி வரைக்கும் ஓடி முடிச்சாப் போதும், நான் பேசாம பிளேன் ஏறிருவேன்."

களவு போன மாதிரி

முதல் வேலை எடையைக் குறைப்பது. பின்சீட்டு, தரைவிரிப்பு, கதவுக்குள் இருக்கும் அட்டை, ஏசி, பாட்டுப்பெட்டி எல்லாம் வெளியே வந்தன. ஒவ்வொரு போல்ட்டையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சீட்டு எழுதிக் கட்டினேன். காரணம் இருக்கிறது. சோமுவின் மனைவி தமிழரசி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். அந்தக் காரில்தான் அவர் ஓட்டப் பழகினார், அதில்தான் தினமும் பள்ளிக்கூடம் போய்வந்தார். ஒரு ரேலி முடிந்ததும் காரைப் பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்பது அவர் போட்ட கண்டிஷன். நானும் பெரிய ஆள் மாதிரித் தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் அவரே பார்க்க வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். வெறும் தகரம். என் பக்கம் திரும்பியபோது முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. "அண்ணே, வண்டி களவு போயித் திரும்பி வந்தாக்கூட இம்புட்டு சாமான் காணாமப் போயிருக்காதுண்ணே."

படகு வெல்டர்

கார் உருண்டால் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வேண்டும். குழாயும் குழாயும் சேருமிடத்தில் வெல்டிங் சுற்றிலும் முழுசாக ஓட வேண்டும், முக்கால் சுற்று செல்லாது. கட்டுமாவடியில் படகு வேலை பார்க்கும் ஜமால் பாயைக் கூட்டி வந்தேன். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே விரல்கூடப் போகவில்லை. மேல்பக்கம் எப்படிப் பற்றவைப்பது? கூரையை அறுத்துவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாய் டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தரையில் நாலு ஓட்டை போட்டார். கூண்டின் கால்களை அந்த ஓட்டை வழியாகக் கீழே இறக்கியதும் மேலே கை போக இடம் கிடைத்தது. பற்றவைத்துவிட்டுக் கூண்டைத் தூக்கி, ஓட்டைகளைத் தடித்த தகடு வைத்து மூடி, அதன்மேல் கால்களை நிறுத்திவிட்டார்.

எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் இருக்க ஒரு கவசத் தகடும் செய்தார். நான் தட்டையாகக் கேட்டேன். அவர் படகின் மூக்கு மாதிரி முன்பக்கம் வளைத்துக் கொடுத்தார், கல்லில் முட்டாமல் ஏறி வழுக்கிப் போகுமாம். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: தரையோடு பற்றவைத்த கூண்டை எப்படிக் கழற்றி, டீச்சருக்குக் காரைப் பழையபடி கொடுப்பேன்? லேசாகப் பற்றவைத்திருக்கலாமோ பாய் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "தம்பி, கடல்ல தண்ணி உள்ள வந்துட்டா ஆளு நீந்திக் கரையேறலாம். இதுல கூரை உள்ள வந்துட்டா எங்கிட்டுப் போறது?"

இங்கிட்டும் அங்கிட்டும்

தெரிந்தவர் ஒருவரின் தைல மரத் தோப்பில், அவர் அனுமதியோடு ஓட்டிப் பார்த்தோம். செம்மண் பாதை, நடுநடுவே சரளை. நேர் பாதையில் கார் பிய்த்துக்கொண்டு போனது. வளைவு வந்தால் மட்டும் ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காமல் நேராகவே போனது. முன்சக்கரம் இழுக்கிற காரில் இது பிறவிக் குணம். இழுப்பதும் அதே சக்கரம், திரும்புவதும் அதே சக்கரம். பந்தியில் பரிமாறுகிற ஆளையே எலையும் எடுக்கச் சொன்னால் இரண்டில் ஒன்று கெடத்தானே செய்யும்? சோமுவோ பின்சக்கரம் தள்ளுகிற லாரியில் பத்தொன்பது வருடம் பழகியவர். திரும்பவில்லை என்றால் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிப்பார். அது இன்னும் நேராகப் போகும்.

பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்கினேன். முன்பக்கத்தை இளக்கினேன். இடது காலால் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வலது காலால் ஆக்சிலேட்டரை மிதிக்க அவரைப் பழக்கினேன், அப்போதுதான் பின்பக்கம் லேசாக வீசித் திரும்பும். இதெல்லாம் கைகூடுவதற்குள் பத்துப் பதினைந்து தடவை புதருக்குள் போய் வந்தோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் மூன்று நாளாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கிட்டே வந்து, நிஜமான அக்கறையோடு கேட்டார். "ஏந்தம்பி, பாதை இங்கிட்டுத்தான திரும்புது, நீங்க எதுக்கு ஒவ்வொரு தடவையும் அங்கிட்டே போறீங்க?"

டிக்டேஷன்

நோட்டு வாசிக்க ஒத்துக்கொண்டிருந்த சோமுவின் மச்சான் முதல் நாளே கழன்றுகொண்டார். குலுங்குகிற காரில் குனிந்து படித்ததும் குடலே வெளியே வந்துவிட்டது அவருக்கு. வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆள் இல்லாவிட்டால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். அன்று சாயங்காலம் பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார் சோமு. பார்க்கவே சங்கடமாக இருந்தது. சாப்பிடக் கூப்பிட வந்த தமிழரசி டீச்சர் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். கையெழுத்து சரியில்லை என்றார். மறுநாள் புது நோட்டு வாங்கி, மார்ஜின் எல்லாம் போட்டுத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து, ஹெல்மெட் எங்கே என்று கேட்டார். உரிய லைசென்ஸும் எடுத்துவிட்டார்.

குரல் கணீரென்று இருந்தது. வாந்தி, தலைசுற்றல் எதுவும் இல்லை. ஒரே ஒரு சிக்கல், வகுப்பில் டிக்டேஷன் கொடுத்துப் பழகிய வாய் எதையும் இரண்டு முறை சொல்லும். 'வலது மூணு, உள்பக்கம் கல்லு' என்பார், வளைவு எவ்வளவு ஒடிகிறது என்பதற்குத்தான் அந்த எண். நிதானமாக மறுபடியும் 'வலது மூணு, உள்பக்கம் கல்லு' என்பார். இரண்டாவது கல்லைச் சொல்லும்போது முதல் கல் ஏற்கெனவே பின்னால் போயிருக்கும், அடுத்த வளைவு மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். மூன்றாவது புதரிலிருந்து காரைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டுச் சோமு கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு தடவ சொன்னாப் போதும் டீச்சர். நான் எழுதல, ஓட்டுறேன்."

திருஷ்டி

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கார் புது வியாதியைக் காட்டியது. மேடு பள்ளத்தில் குதித்தால் எஞ்சின் பொசுக்கென்று அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். பட்டறைக்குக் கொண்டுவந்து பானெட்டைத் திறந்தால் நோயே இல்லை. பெட்ரோல் பம்ப்பை மாற்றினேன். சென்சாரை மாற்றினேன். மூன்று நாள் ஒயரை ஒவ்வொன்றாகத் தடவினேன். விசா வேறு வந்துவிட்டது. இந்த ரேலியை விட்டால் சோமுவுக்கு இன்னொன்று இல்லை என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை எனக்கு.

நான்காம் நாள் முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிப்பக்கம் இருக்கும் சிவப்பு வளையத்தில் கண் பட்டது. ரேலி காரில் அது கட்டாயம். விபத்து நடந்தால் வெளியே நிற்பவர் அதை இழுத்து மொத்தக் கரண்டையும் துண்டிக்கலாம். அந்த வளையத்தில் ஒரு எலுமிச்சம்பழம், ஏழு பச்சை மிளகாய், ஒரு கரித்துண்டு. என் பட்டறையிலிருந்து எந்த வண்டி வெளியே போனாலும் திருஷ்டிக்குக் கட்டி அனுப்புவது வழக்கம். இந்தக் காரில் முன்கிரில்லைக் கழற்றிவிட்டதால் தோதாக இருந்த வளையத்தில் நானே, என் கையாலேயே கட்டியிருந்தேன். கயிற்றின் நுனி பானெட் இடுக்கில் சிக்கியிருக்கிறது. கார் குதித்துப் பானெட் ஆடும்போதெல்லாம் வளையம் லேசாக இழுபட்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, பழையபடி உள்ளே போயிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் சிக்கு விடுபட்டுவிடும், நோயும் தெரியாது. சோமுவிடமும் டீச்சரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றேன். டீச்சர் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "திருஷ்டி நல்லாவே கழிஞ்சிருக்குண்ணே. கூடவே கரண்டும் கழிஞ்சுபோச்சு."

சாமிக்கும் பெல்ட்

போட்டி பக்கத்து மாவட்டத்தில். முதல் நாள் பரிசோதனை. அதிகாரி கூண்டின் ஒவ்வொரு இணைப்பையும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஜமால் பாயின் வெல்டிங்கில் ஒரு குறை சொல்லவில்லை. பெல்ட், தீயணைப்பான் எல்லாம் சரி. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரைப் பார்த்ததும் கை நின்றது. கார் உருண்டால் அது பறந்து மண்டையில் அடிக்கும், எடுங்கள் என்றார். டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதிகாரி டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு தகட்டுப் பட்டையும் இரண்டு ஸ்குரூவும் எடுத்து என்னிடம் நீட்டினார். "சாமி இருக்கட்டுங்க. பெல்ட் போட்டுக்கிட்டு இருக்கட்டும்."

கடைசித் துண்டு

மறுநாள் போட்டியில் சோமுவும் டீச்சரும் நாலு துண்டுகளை ஒழுங்காக முடித்துவிட்டார்கள். ஐந்தாவதுதான் கடைசி. முடிகிற இடத்தில் நானும் ஜமால் பாயும் நின்றோம். இவர்களுக்குப் பின்னால் கிளம்பிய கார்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. இவர்களைக் காணோம். நான் கட்டிய கார், நான் முடுக்கிய போல்ட். பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் புழுதியே கிளப்பாமல் ஒரு கார் வந்தது. முன்பக்க இடது சக்கரம் ஒரு திசையைப் பார்க்க, மற்றது வேறு திசையைப் பார்க்க, நண்டு மாதிரி வந்து கோட்டைத் தாண்டியது. பெரிய கல் ஒன்று அடித்துச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வளைந்திருக்கிறது. படகு மூக்குத் தகடு தேய்ந்து பளபளத்தது, எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. மீதி நாலு கிலோமீட்டரை நடை வேகத்தில் உருட்டியே கொண்டுவந்திருக்கிறார்கள். டீச்சர் அப்போதும் ஒரு வளைவைக்கூட விடாமல், நேரம் கிடைத்ததே என்று இரண்டிரண்டு முறை வாசித்திருக்கிறார். ஓடி முடித்தவர்களில் இவர்கள்தான் கடைசி. முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சோமு ஹெல்மெட்டைக் கழற்றி, டீச்சர் வாசிப்பது கேட்க அதில் காதருகே வைத்திருந்த சின்ன ஸ்பீக்கரைக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. "பத்தொம்பது வருசமா போன்ல இந்தக் குரலைக் காதுக்குள்ளதாண்ணே கேட்டேன். இன்னைக்கும் காதுக்குள்ளதான் கேட்டுச்சு, ஆனா திரும்பிப் பாத்தா ஆளு பக்கத்துல இருக்கு."

பழையபடி

சோமு பிளேன் ஏறிப் பத்து நாள் கழித்து டீச்சர் பட்டறைக்கு வந்தார், பஸ்ஸில். பரணிலிருந்து பின்சீட்டையும் விரிப்பையும் சீட்டு எழுதிய கவர்களையும் இறக்கி வரிசையாக வைத்திருந்தேன். தரையோடு பற்றவைத்த கூண்டை வெட்டினால்தான் பின்சீட்டு உட்காரும் என்ற விஷயத்தை எந்த வாயால் சொல்வது? எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் சாமான்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காரைச் சுற்றி வந்து, தான் உட்கார்ந்திருந்த இடது பக்கத்தைத் தாண்டி, வலது பக்கக் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுக்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். "எதையும் வெட்ட வேணாம், எடுத்து வையிங்கண்ணே. அடுத்த லீவுக்கு அவுக வரட்டும், நான் ஓட்டுறேன், அவுக வாசிக்கட்டும்."

ஆக, முப்பது வருடம் ஓடாத வண்டிகளை ஓட வைத்துச் சம்பாதித்த நல்ல பேரையெல்லாம், நன்றாக ஓடிய ஒரு காரைப் பிரித்துப் போட்டுக் கெடுத்துக்கொண்டு, புருசன் பெண்டாட்டி இரண்டு பேரை முன்சீட்டில் சேர்த்து உட்கார வைத்ததுதான் நான் கண்ட மிச்சம், பின்சீட்டு இன்னும் என் பரணில்தான் கிடக்கிறது.