தார்ப்பாய் ஏரி

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'மேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே பக்கத்து மேஜையைத் திரும்பிப் பார்ப்பார். நகரத் திட்ட அலுவலகத்தின் மாடியில், கழிவறைக்கும் ஜெராக்ஸ் மெஷினுக்கும் நடுவில் அவருடைய இருக்கை. செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கணினியில் விரித்து, இது வீடு, இது வயல், இது ஏரி என்று நிறம் பிரிப்பது வேலை. ஜி.ஐ.எஸ். என்பார்கள். எங்கே கட்டலாம், எங்கே ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்பதை அந்த நிறங்கள்தான் தீர்மானிக்கும்.

இதை வீட்டில் புரியவைக்க அவர் எடுத்த முயற்சிகள் வீண். மருமகன் ஏதோ ரகசியப் போலீஸ் என்று மாமியாருக்கு எண்ணம். மேலேயிருந்து படம் எடுத்துவிடுவார்களென்று, மொட்டை மாடிக்குப் போவதென்றால் அந்த அம்மாள் தலை வாரிக்கொண்டுதான் போவார். மனைவியின் குறை வேறு. "ஊர்ல இருக்கிற கிணறெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. ஃப்ரிட்ஜ் மேல இருக்கிற சாவி மட்டும் தெரியாது."

மேப்புவுக்கு ஓர் அக்கா. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு சந்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய் மத்தியானம் தூங்கிவிட்டு வருவது அவருடைய ஒரே கெட்ட பழக்கம். ஒரு வருஷம் ஆலங்கட்டி மழையில் அந்தச் சந்தின் சிமென்ட் ஷீட் கூரைகள் எல்லாம் சல்லி சல்லியாகப் போயின. நிவாரணமென்று வீட்டுக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே நீலம். அக்கா அன்றைக்கே முடிவு செய்தாள்: ஷீட்டும் வேண்டாம், பாயும் வேண்டாம், கான்கிரீட் தளம். கம்பியும் மணலும் வாசலில் வந்து இறங்கிவிட்டன. மணல் மேல் பூனை குட்டியும் போட்டுவிட்டது. அனுமதி மட்டும் வரவில்லை. கடைசியில் வந்த பதில் இது: 'மேற்படி இடம் ஏரியின் நடுப்பகுதியில் அமைந்துள்ளதால் கட்டுமானத்துக்கு அனுமதி வழங்க இயலாது.'

"ஏன்டா, உங்க ஆபீஸ்ல எல்லாரும் தெளிவாத்தானே இருக்கீங்க?" அக்கா போனில் கேட்டாள். "நான் ஏரிக்குள்ள குடியிருக்கேனாம். அதுவும் நடுவுல."

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "கரையோரம்னாக்கூட சமாளிச்சுக்கலாம் மச்சான். நடுவுலன்னா படகு வாங்கணும்ல."

மேப்பு வரைபடத்தைத் திறந்து பார்த்தார். ஏரி இருந்தது. அதைப் படைத்தவரும் அவரேதான்.

கணினிக்கு நிறம் தெரியும், விஷயம் தெரியாது. நாலைந்து ஏரிகளைக் காட்டி இதுதான் தண்ணீர் என்று மேப்பு அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதுவும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டு, சந்து நெடுக விரித்திருந்த நீலத்தையெல்லாம் தண்ணீர் என்று ஒப்பித்தது. ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்ததால் வழக்கம்போல 'வழவழப்பாக்கு' என்ற கட்டளையை அவர் தட்டினார். சந்து அழகான அவரைக்கொட்டை வடிவத்தில் ஏரியாகிவிட்டது. வாராவாரம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற வீடுதான். ஆனால் வாசல் வழியாகப் பழகியவருக்குக் கூரை அந்நியம்.

தலைமைத் திட்ட அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், கிழக்கால ஒரு ஏரி தப்பா விழுந்திருக்கு. அது ஏரியில்ல, தார்ப்பாய்."

"எது, அந்த அவரைக்கொட்டையா? பார்க்க அம்சமா இருக்கேப்பா."

"அங்க எங்க அக்கா வீடு இருக்கு சார்."

"அப்படின்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். சொந்தக்காரங்களுக்காக ஏரியைத் தூர்த்துட்டான்னு நாளைக்கு உன்னைத்தான் சொல்லுவாங்க."

அதிகாரி கெட்டவர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து நிலவரத்தை விளக்கினார். நகரத்தில் இத்தனை பங்கு நீர்நிலை இருந்தே தீர வேண்டும் என்பது விதி. ஊருக்கு வடக்கே ஒரு நிஜ ஏரி, பறவைகளெல்லாம் வந்து இறங்குகிற ஏரி, கிடங்குகள் கட்டுவதற்காக வரைபடத்தில் தரிசாகியிருந்தது. அதனால் விழுந்த குறையை அக்காவின் கூரைதான் நிரப்பிக்கொண்டிருந்தது. திட்டம் மேலிடம் வரை போய்க் கையெழுத்தாகி வந்துவிட்டது. இப்போது ஏரியை எடுத்தால் எல்லாம் முதலிலிருந்து.

"ஆனா ஒண்ணு," என்றார் அதிகாரி. "அடுத்த மாசம் புதுப் படம் வாங்குறோம். அதுல ஏரி இல்லைன்னு கம்ப்யூட்டரே சொல்லிட்டா யாரும் யாரையும் கேக்க முடியாது. தானா வத்திடுச்சுன்னு போட்டுக்கலாம். கணக்குக்கு வேற எங்கயாவது ஒரு குட்டை சிக்காமலா போயிடும்?"

மேப்பு டீயைக் குடித்தபடியே யோசித்தார். தார்ப்பாய் இருப்பதால் அது ஏரி. ஏரி என்பதால் தளம் கிடையாது. தளம் இல்லாததால் தார்ப்பாயை எடுக்க முடியாது. எங்கேயாவது ஓர் இடத்தில் வெட்ட வேண்டும். ஒரே ஒரு காலைப்பொழுது, சந்து முழுக்கத் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டால் போதும்.

செயற்கைக்கோள் எந்த நாள் ஊருக்கு மேலே கடக்கும் என்று பார்த்து அக்காவிடம் சொன்னார். அக்கா வீடு வீடாகப் போய்ப் பேசினாள். எதிர்வீட்டு டெய்லர், மேலேயிருந்து போட்டோ எடுக்கிறார்கள் என்றால் முகச்சவரம் செய்துகொள்ள வேண்டுமா என்று விசாரித்தார். மூலைவீட்டு நர்ஸ் மட்டும் நியாயமாகக் கேட்டாள்.

"மழை வந்தா யாருங்க பொறுப்பு?"

"வானம் தெளிவா இருக்கும்னு போட்டிருக்காங்கம்மா," என்றார் மேப்பு.

அன்று காலை அவர் லீவு போட்டுவிட்டு வந்தார். எல்லோரும் ஏணி வைத்து ஏறித் தார்ப்பாய்களைச் சுருட்டினார்கள். வெகுநாளைக்குப் பிறகு உடைந்த கூரைகள் வெயிலைப் பார்த்தன. அக்கா உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாள். ஓட்டை வழியாக நீலமாக வானம் தெரிந்தது. "இதையும் தண்ணின்னு சொல்லிடப் போகுதுடா," என்றாள். பிறகு வாசலுக்கு வந்து, "எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டுக் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள்.

தெற்கிலிருந்து ஒரு மேகம் வந்தது. பெரிய மேகம்கூட இல்லை. சந்துக்கு மேலே வந்து, முகவரி விசாரித்துக்கொண்டு வந்தது மாதிரி நின்றது. செயற்கைக்கோள் நேரம் தவறாமல் கடந்து போனது. அதற்குப் பிறகு மழை. சுருட்டிய பாயை ஏணியேற்றுவதற்குள் அக்காவின் மெத்தை, மாமாவின் ரேடியோ, டெய்லர் வெட்டி வைத்திருந்த துணிகள் எல்லாம் நனைந்தன. நர்ஸ் போகிற போக்கில் மேப்புவை ஒரு பார்வை பார்த்தாள்.

புதுப் படம் வந்தது. ஊர் முழுக்கக் கண்ணாடி போலத் துல்லியம். கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு.

"மேகம் விழுந்த இடத்துல வழக்கம்போல பழைய படத்தை வெட்டி ஒட்டிடுப்பா," என்றார் அதிகாரி.

"சார், அந்த இடத்துலதான் சார் அது..."

"தெரியுதுப்பா. நான் என்ன மேகத்தை ஊதியா தள்ள முடியும்? அடுத்த படம் வாங்குறப்போ பார்க்கலாம்."

அடுத்த படம் எப்போது என்று மேப்பு கேட்கவில்லை. அது அவருக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. தன் இருக்கைக்கு வந்து பழைய படத்திலிருந்து நீலத்தை வெட்டி வெள்ளையின் மேல் வைத்தார். வெளிச்சம் சற்று மாறியிருந்ததால் சரிக்கட்டினார். ஓரங்களை வழவழப்பாக்கினார். அதிகாரி தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"சபாஷ். ஒட்டின இடமே தெரியல."

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "படம் வந்துடுச்சாடா? எங்க வீடு தெரியுதா?"

"மேகம் மறைச்சிடுச்சுக்கா."

அக்காவுக்குப் பின்னால் ஏதோ ஒரு பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"சரி விடு. அன்னைக்கு அவசரத்துல கட்டினது, ஒரு மூலை பிச்சுக்கிச்சு. கடையில புதுப் பாய் வந்திருக்காம். வாங்கிடவா?"

"வாங்கிடுக்கா," என்றார் மேப்பு. ஏதோ நினைத்துக்கொண்டவராக, "வேற கலர் இருக்கான்னு கேளேன்," என்றார்.

"கேட்டேன்டா. நீலம்தான் இருக்காம்."