ஆன்சர் கீ அய்யலுசாமி

டீ கிளாஸ் கைக்கு வந்ததும் அய்யலுசாமி குடித்துவிட மாட்டார். கிளாஸை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் கேட்பார்: "இந்தியத் தேயிலை வாரியத்தோட தலைமையகம் எங்க இருக்கு? ஏ, கவுகாத்தி. பி, கொல்கத்தா. சி, குன்னூர். டி, டார்ஜிலிங்." எதிரே நிற்பவர் டீக்கடைக்காரராகவே இருந்தாலும் விலக்கு கிடையாது. கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அது எங்க இருந்தா எனக்கென்ன அண்ணாச்சி, அந்தக் கிளாஸ் காலியாகி வந்தாத்தான் அடுத்த ஆளுக்கு டீ. நிக்காங்க பாருங்க" என்றார்.

"தப்பு. பி, கொல்கத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் அய்யலுசாமி முதல் வாய் உறிஞ்சினார். டீ ஆறியிருந்தது. அதற்கும் கடைக்காரரைத்தான் முறைத்தார்.

கோவில்பட்டி நகராட்சிப் பூங்காவில், சிமெண்ட் யானைச் சறுக்குக்குப் பின்னால், அரசாங்க வேலைக்குப் படிக்கிற கூட்டம் ஒன்று தினமும் மாலையில் உட்கார்ந்திருக்கும். நாங்கள்தான் அது. எங்களில் சிலர் பாஸாகிப் போனார்கள், சிலர் கல்யாணமாகிப் போனார்கள், சிலர் திருப்பூருக்குப் போனார்கள். அய்யலுசாமி மட்டும் அந்த யானையைப் போல வைத்த இடத்திலேயே இருக்கிறார். வயது முப்பத்தாறு. சட்டைப் பையில் எப்போதும் மூன்று கருப்புப் பேனாக்கள். தேர்வில் கருப்பு மட்டும்தான் செல்லும் என்பதால் நீலப் பேனாவை அவர் தொடுவதே இல்லை. ஒரு கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் நீலத்தில் எழுதப் போக, "எம் பேரு மட்டும் கருப்புல வரட்டும்" என்று தன் பேனாவைக் கொடுத்து வரிசையையே நிறுத்திவைத்தவர்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாயால் விடை சொன்னால் பக்கத்தில் இருப்பவன் கேட்டுக்கொண்டு தானும் அதையே சொல்வான் என்பதால் விரலால் சொல்வோம். ஒருவர் கேள்வியை வாசித்து "போடு" என்றதும் எல்லோரும் ஒரே சமயத்தில் கையை நீட்ட வேண்டும். ஒரு விரல் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. ஐந்து விரலும் விரிந்தால் இ. விடை தெரியவில்லை என்று அர்த்தம். நிஜத் தேர்வின் விடைத்தாளிலும் அந்த ஐந்தாவது வட்டம் உண்டு. தெரியாத கேள்விக்கு அதைக் கருப்பாக்க வேண்டும். வெறுமனே விட்டால் மதிப்பெண் குறையும்.

அய்யலுசாமி ஐந்து விரலையும் விரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. விடைத்தாளிலும் அந்த ஐந்தாவது வட்டத்தின் பக்கம் அவர் பேனா போனதில்லை. "தெரியாத கேள்வின்னு ஒண்ணு கிடையாதுல. தப்பான கேள்வின்னுதான் ஒண்ணு உண்டு" என்பார்.

எங்களில் வாய் நீளமான கனிராஜ் விடுவானா? "அப்ப ஏண்ணே இத்தன வருஷமா உங்களுக்கு வேல கிடைக்கல?"

"பாத்தியா, இதுவே ஒரு தப்பான கேள்விதான்."

வினாத்தாளில் 'கூற்று, காரணம்' என்று ஒரு வகைக் கேள்வி வரும். கூற்று சரியா, காரணம் சரியா என்று தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அய்யலுசாமி வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறார் என்று அவர் மனைவி செண்பகம் எங்களிடம் சொல்லியிருக்கிறார். செண்பகம் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். அந்த மெஷின் ஓடுவதால்தான் வீடும் ஓடுகிறது. "நீங்க வேலைக்குப் போகல, அதான் வீட்ல அரிசி இல்லைன்னு சொன்னேன். அதுக்கு இந்த மனுஷன் சொல்லுதாரு, கூற்று சரி, காரணம் தவறாம். அரிசி இல்லாமப் போனதுக்குக் காரணம் எங்கண்ணன் குடும்பத்த ஞாயித்துக்கிழம சாப்பிடக் கூப்பிட்டதாம்!"

ஒரு துக்க வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனது நாங்கள் செய்த பிழை. இறந்தவருக்குக் கணையத்தில் கோளாறு என்று யாரோ அழுதுகொண்டே சொன்னார்கள். அய்யலுசாமியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு பக்கத்தில் இருந்தவரிடம், "கணையத்துல இன்சுலினச் சுரக்கது ஆல்பா செல்லா, பீட்டா செல்லா?" என்றார். கேட்கப்பட்டவர் இறந்தவரின் மைத்துனர். அவர் எழுந்து, விடை எதுவும் சொல்லாமல், இவர் தோளில் கையைப் போட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். தெருவில் நின்று இவர் எங்களிடம் சொன்னது: "பீட்டா. அவருக்குத் தெரியல, பாவம்."

சரி, இவ்வளவு தெரிந்தவர் ஏன் தேறவில்லை? தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே நினைவிலிருந்து மொத்த விடைகளையும் சொல்லிவிடுவார். பெரிய பயிற்சி மையங்கள் போடும் விடைப் பட்டியலில்கூடப் பிழை இருக்கும், இவருடையதில் இருக்காது. 'ஆன்சர் கீ' என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் தேர்வு அறைக்குள் அவர் விடை எழுதப் போவதில்லை, வினாத்தாளைத் திருத்தப் போகிறார். ஒரு கேள்வியில் சின்னப் பிசகு கண்ணில் பட்டால் போதும், அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டுவார். கடைசிப் பக்கம் அப்படியே கிடக்கும். பிறகு தேர்வு வாரியம் உத்தேச விடைகளை வெளியிடும். பிழை இருந்தால் ஆதாரத்தோடு ஆட்சேபனை அனுப்பலாம். அதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது. இவர் அனுப்பிய ஆட்சேபனையால் விடை மாறி, மதிப்பெண் ஏறி, வேலைக்குப் போனவர்கள் இதே ஊர் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். சான்றிதழ் கேட்டு இவர் போய் நின்றால், "டோக்கன் போட்டுட்டு உக்காருங்கண்ணே" என்று அன்பாகச் சொல்கிறார்கள்.

இந்த வருஷ எழுத்தர் தேர்வுக்கு முன்னால் செண்பகம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இதுதான் கடைசி. கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அண்ணனின் தீப்பெட்டி ஆபீசில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போக வேண்டும். அய்யலுசாமி மிரண்டுபோனார். மூட்டை எண்ணுவதில் ஏ, பி, சி, டி கிடையாதே!

மிரட்சி வேலை செய்தது. முதன்முறையாகக் கடைசிப் பக்கம்வரை எழுதிவிட்டு வந்தார். ஆனாலும் பிறவிக்குணம் போகுமா? தேர்வு அறைச் சுவரில் ஒரு பழைய இந்திய வரைபடம் தொங்கியிருக்கிறது. அதில் தெலங்கானா இல்லை. "சார், இதக் கழட்டிருங்க, பாக்குற பிள்ளைக மனசுல தப்பாப் பதிஞ்சிரும்" என்று கண்காணிப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். "நேரம் போகுது, எழுதுங்க சார்" என்றிருக்கிறார் அவர். வரைபடத்தை முறைத்துக்கொண்டே வட்டத்தைக் கருப்பாக்கியதில், சி என்று நினைத்து பி-யைக் கருப்பாக்கிவிட்டார். கேள்வி இதுதான்: கடக ரேகையை இரண்டு முறை கடக்கும் இந்திய ஆறு எது? சரியான விடை சி, மாஹி. இவர் கருப்பாக்கிய பி, நர்மதை.

இந்தக் கதையெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். உத்தேச விடை வெளியான அன்று அய்யலுசாமி கடலைமிட்டாய்ப் பாக்கெட்டோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். எங்களுக்குத் திகிலாகிவிட்டது. வழக்கமாக அன்றைக்கு ஜவுளிக்கடைப் பை நிறையப் புத்தகங்களோடு வந்து ஆட்சேபனைக்கு உட்கார்ந்துவிடுவார். பை வந்திருந்தது, திறக்கவில்லை. மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கீ எப்டிண்ணே இருக்கு?" என்றான் கனிராஜ்.

"அருமையான கீ. கை வைக்க இடமில்ல."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை.

ஆட்சேபனைக்குக் கடைசி நாள், மாலை ஐந்தே முக்காலோடு சரி. அன்றைக்கு மாரீஸ்வரி நேராக வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவள், பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"அண்ணே, கடக ரேகைய ரெண்டு தடவ தாண்டுற ஆறு எது?"

போன தை மாதம் இந்தக் கேள்விக்கு அவர் பண்ணிய கூத்து எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. மண்ணில் செருப்பால் ஒரு கோடு கிழித்து, அதுதான் கடக ரேகை என்று சொல்லி, தானே மாஹி ஆறாக மாறி, மத்தியப் பிரதேசத்தில் பிறந்து வடக்கே ஏறிக் கோட்டைத் தாண்டி, ராஜஸ்தானில் யானையை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பவும் கோட்டைத் தாண்டி குஜராத்தில் இறங்கிக் கடலில் கலந்தார். கடல் என்பது பூங்காவை ஒட்டிய டீக்கடையின் பெஞ்சு. அப்பேர்ப்பட்டவர் இப்போது எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டு, "முடிஞ்ச பரீட்சையப் பத்தி என்னம்மா பேச்சு" என்றார்.

"கீயில நர்மதைன்னு போட்டுருக்காங்க. நான் உங்கள நம்பி சி போட்டேன். எனக்கு அந்த ஒண்ணுதான்ணே இடிக்குது."

"யாராச்சும் அப்ஜெக்ஷன் போட்டுருப்பாக."

"ஆதாரம் வேணும்ல? பள்ளிக்கூடப் புஸ்தகத்துல இது இல்ல. உங்க அட்லஸ்லதான் ஆறும் கோடும் சேந்து தெளிவா இருக்கு. நீங்கதான காட்டுனீங்க?"

கனிராஜுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "அண்ணே, நீங்க என்ன போட்டீங்க? போடு!"

அய்யலுசாமியின் கை மெல்ல இறங்கி, முழங்காலுக்குப் பக்கத்தில், இரண்டு விரலைக் காட்டியது.

பூங்காவே அதிர்கிற மாதிரி சிரித்தோம். ஆன்சர் கீ தப்பு! கனிராஜ் யானையின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர் தெலங்கானாவை இழுத்தார், கண்காணிப்பாளரை இழுத்தார், யார் காதில் விழுந்தது?

"சிரிச்சது போதும்." செண்பகம் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அளவு டேப்பு அப்படியே தொங்கியது. கடைசி நாளில் இவர் பையைத் திறந்துவிடுவாரோ என்ற பயத்தில், தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறார். "அந்த ஒரு கேள்வியாலதான் இவரு இப்ப கட் ஆஃப் கோட்டுக்கு மேல நிக்காரு. அது போச்சுன்னா கீழ. இத்தன வருஷமா சரியாச் சொல்லிச் சொல்லி ஊரையெல்லாம் வேலைக்கு அனுப்புனாரு. ஒரே ஒரு தடவ தப்பாப் போட்டாரு. தெய்வமாப் பாத்து கீயையும் தப்பாப் போட வச்சிருக்கு. விட்ருங்கய்யா." குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டு, "அந்த மாஹி ஆறு ஒரே கோட்ட ரெண்டு தடவ தாண்டுதாம்ல? இந்த மனுஷன் கட் ஆஃப் கோட்ட ஒரு தடவ தாண்டிட்டுப் போகட்டுமே" என்றார்.

சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மாரீஸ்வரிதான் முதலில் பேசினாள். "சரிக்கா. விட்ருவோம்." பிறகு கனிராஜ் பக்கம் திரும்பினாள். "ஏய் கனி, உன் நோட்டுல மாத்தி எழுதிக்கோ. கடக ரேகைய ரெண்டு தடவ தாண்டுற ஆறு நர்மதை. அண்ணனே பி போட்டுட்டாரு, இனி அதுதான் சரி."

குத்துவதற்குச் சொன்னாளா, நிஜமாகவே விட்டுக்கொடுத்தாளா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கனிராஜ் நோட்டைத் திறந்து மாஹியை அடித்துவிட்டு 'நர்' என்று எழுதினான்.

"ஏல, பேனாவ வையி!"

அய்யலுசாமி எழுந்து நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. "நர்மதை ஒரு தடவகூடத் தாண்டாதுல! அது கடக ரேகைக்குத் தெக்காம ஓடுற ஆறு! ஜபல்பூர் பக்கம் கொஞ்சம் வடக்க ஏறும், அதுக்கு மேல போகாது!"

"ஏங்க" என்றார் செண்பகம்.

"நீ சும்மா இரு."

"எழுதிட்டுப் போறான், விடுங்க."

"எப்படி எழுதுவான்? நாளைக்கு இவன் பிள்ளைக்கும் இதையே சொல்லிக் குடுப்பான். அது ஆறு, செண்பகம். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. நமக்கு வேல வேணும்னு அதத் திருப்பி விட முடியுமா?"

பை திறந்தது. அட்லஸ் யானையின் முதுகில் விரிந்தது. "நிழல் விழாம நில்லுல" என்று கனிராஜை நகர்த்தினார். கருப்புப் பேனாவால் இரண்டு இடத்தில் சின்னதாக வட்டம் போட்டு, போனில் படம் எடுத்து, பதிவெண்ணைத் தட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். அந்தக் கவனத்தில் பாதி தேர்வு அறையில் இருந்திருந்தால் என்றைக்கோ தாசில்தார் ஆகியிருப்பார். ஐந்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால், "போயிருச்சு!" என்று நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என்ன செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு எட்டியது போலிருந்தது.

செண்பகம் கழுத்து டேப்பை எடுத்து விரலில் நிதானமாகச் சுற்றினார். கத்தவில்லை. அவர் பாஷையிலேயே கேட்டார்.

"கூற்று, உங்களுக்கு வேல கிடைக்காது. காரணம், நீங்க. ரெண்டும் சரியா, தப்பா? சொல்லுங்க."

அய்யலுசாமி யானையைப் பார்த்தார், அட்லஸைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு வலது கை மெதுவாக மேலே வந்தது. ஒரு விரல் நீண்டது. இரண்டு. மூன்று. நான்கு. கடைசியில், உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்த கட்டை விரலும் எழுந்து நின்றது.