மகேசன் சேர் எழுதச் சொன்ன பெயர்

செய்தி வந்த நேரத்தில் நான் அவருக்காகத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மகேசன் சேர் என் அலுவலகப் படிகளை ஏறி வருவார். வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருக்கும் சிறிய கார்க் காப்புறுதி முகவர் அலுவலகம் அது. பதினாறு வருடமாக அவர் நேரம் தவறியதில்லை. அன்று பத்தே கால் ஆகியும் காணவில்லை. தொலைபேசி அடித்தது. அவருடைய மகள் ஜனனி.

“அண்ணா, அப்பா விடிய எங்களை விட்டிட்டு மோசம் போயிட்டார். இண்டைக்கு உங்களிட்ட வாறது எண்டு கலண்டரிலே எழுதி வச்சிருந்தவர். அதான் எடுத்தனான்,” என்றார்.

மேசையில் அவருக்காக நான் எடுத்து வைத்திருந்த வெற்றுப் படிவம் மின்விசிறிக் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. அதை மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார் அல்லர். துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லி அழைக்க எவருக்கும் வாய் வராததால் எல்லோருக்கும் சேர் ஆனார். ஐம்பது வருடம் கொழும்பில் கார் ஓட்டினார். காலி வீதியில் பஸ்காரர்களுக்கு வழி விட்டு, முச்சக்கர வண்டிகளுக்கு வழி விட்டு, கடைசியில் தெரு நாய்க்கும் வழி விட்டுத்தான் நகருவார். “இவரோட போறதை விட நடந்து போனா வேளைக்குப் போய்ச் சேரலாம்,” என்று அவருடைய மனைவியார் கேலி செய்வார். அந்த அம்மையாரும் ஆறு வருடத்துக்கு முன்பு காலமாகிவிட்டார்.

இப்படிப்பட்ட சாரதி என்றால் எங்களைப் போன்ற முகவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். ஒரு நாளும் இழப்பீடு கேட்காத ஆள். எந்தக் கம்பனியும் கட்டணத்தில் முழுக் கழிவு கொடுக்கும். ஆனால் அவரைப் பிடிப்பது இலேசாக இருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் நான்கு கம்பனிகளின் முகவர்களிடம் நேரில் போவார். வீட்டுக்கு வந்து ஒரு புல்ஸ்காப் தாளில் கோடு கீறி, கட்டணம், கராஜ், வழியில் கார் நின்றால் இழுத்துச் செல்லும் வசதி என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு எழுதுவார். கடைசிப் பத்தியின் தலைப்பு மட்டும் எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. “கேட்டார்களா?” என்று இருக்கும். அவர் குறைந்த கட்டணத்தைத் தெரிவு செய்ததே இல்லை என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. “சேர் நாலு கடை ஏறி இறங்கி விலை கூடினதை வாங்குற மனுசன்,” என்று நாங்கள் சிரிப்போம்.

முதல் வருடம் அவர் என்னிடம் வந்தபோது நான் படிவத்தை வாசித்தேன். சாரதி இதற்கு முன் விபத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறாரா, ஆம் எனில் விபரம் தருக என்ற கேள்வி வந்தது. வழக்கமாக அதை நாங்கள் வாசிப்பதே இல்லை. இல்லை என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். அன்று ஏனோ வாசித்துவிட்டேன்.

“ஓம் எண்டு போடும்,” என்றார். “பேரையும் எழுதும். ராஜேஸ்வரி, மட்டக்குளி.”

“சேர், கிளெய்ம் ஒண்டும் எடுக்கேல்லையே. பிறகென்னத்துக்கு?”

“கேள்வி கிளெய்மைப் பற்றி இல்லையே, தம்பி.”

எழுதினேன். கம்பனி கழிவைக் குறைத்தது. அவர் முகம் கோணாமல் கட்டிவிட்டுப் போனார். அந்த வருடம் அவருடைய தாளில் அந்தக் கடைசிப் பத்தியில் எனக்கு நேரே ஒரு சரி அடையாளம் விழுந்ததாம். அதை அப்போது நான் அறியவில்லை.

அடுத்த வருடம் நான் செய்ததைத்தான் இந்தக் கட்டுரையில் எழுத வேண்டும். வேறு எதை எழுதினாலும் அது அவருக்குச் செய்யும் அஞ்சலி ஆகாது.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக நிரப்புவோம். சேர் அதற்கு ஒருபோதும் உடன்பட்டதில்லை. அந்த வருடம் மட்டும் மனைவியாரை வைத்தியரிடம் கூட்டிப்போகும் அவசரம். “போன வருசம் எழுதினது உமக்குத் தெரியும்தானே, அப்பிடியே எழுதும்,” என்று சொல்லிவிட்டு, நான் பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டுப் போனார்.

நான் “இல்லை” என்று எழுதினேன்.

நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய கதை ஒன்றுக்காக ஒரு நல்ல சாரதி ஏன் கூடக் கட்ட வேண்டும்? ஆனால் அது பாதி உண்மைதான். மற்ற மூன்று பேரையும் விடக் குறைந்த விலையைக் காட்டினால் அவருடைய மாடிக் குடியிருப்பில் உள்ள கார்க்காரர்கள் எல்லோரும் என்னிடம் வருவார்கள் என்ற நினைப்பும் இருந்தது.

இரண்டு கிழமை கழித்து வந்தார். கோபமாக வந்திருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கதிரையில் அமர்ந்து, கம்பனி அனுப்பிய கடிதத்தை மேசையில் விரித்து வைத்தார். அவதானமாக வாகனம் ஓட்டி வரும் தங்களுக்கு எமது பாராட்டுகள், முழுக் கழிவும் வழங்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

“முப்பத்தஞ்சு வருசத்துக்குக் கிட்ட கார் ஓடுறன்,” என்றார். “ஒரு நாள் காலமை, கொட்டாஞ்சேனையிலே வளைவிலே ஒரு பஸ் நிண்டது. அதுக்குப் பின்னாலே இருந்து ஓடி வந்தவ. இருபத்திரண்டு வயசு, தையல் பக்டரிக்கு வேலைக்குப் போற பிள்ளை. அதிலேயே செத்துப்போனா. என்னிலே பிழையில்லை எண்டு கோட்டிலே நீதவான் விட்டிட்டார். அவவின்ர தாயும் அப்பிடித்தான் சொன்னா. காரிலே ஒரு லைட் உடைஞ்சது, நானே போட்டன். கிளெய்ம் எடுக்கேல்லை. அடுத்த வருசம் இதே மாதிரி ஒரு கடிதம் வந்தது, தம்பி. நல்ல சாரதியாம்.”

அவர் கடிதத்தை மடித்தார்.

“அந்தப் பிள்ளையின்ர பேர் எழுதியிருக்கிற கடதாசி எண்டு இந்தப் படிவத்தை விட்டா உலகத்திலே எனக்குத் தெரிஞ்சு வேற ஒண்டும் இல்லை. கேக்கிற இடத்திலே எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தன். நீர் இல்லை எண்டு எழுதிப்போட்டீர்.”

அன்றே திருத்தி அனுப்பினேன். அவர் நன்றி சொன்னார். அதன்பின் ஒரு முறைகூட என்னிடம் காப்புறுதி எடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கார்த்திகையிலும் வந்து விலை கேட்டார். நான் கேள்வியை வாசிக்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும். நான் என் கையால் அந்தப் பெயரை எழுத வேண்டும். எழுதிய தாளின் பிரதியை வாங்கிக்கொண்டு வேறு முகவரிடம் போய்விடுவார். பதினான்கு வருடம் இது நடந்தது. தண்டனை என்றுதான் நினைத்தேன். ஐப்பசி பிறந்தாலே எனக்கு நித்திரை குழம்பும். வேறு யாருடைய படிவத்தை நிரப்பினாலும் அந்தக் கேள்விக்கு வரும்போது கை ஒரு கணம் நிற்கும். நான் பார்த்திராத அந்தப் பெண்ணின் முகம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரித் தோன்றும்.

செத்த வீட்டில் அவருடைய முகத்தைப் பார்த்தபோது மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது. சுற்றி ஆட்கள் நின்றதால் கேட்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் ஜனனி காரில் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு நீலக் கோப்பு.

“காரை என்ர பேருக்கு மாத்தப் போறன், அண்ணா. எனக்கு ஒரு விலை எடுத்துத் தாங்கோ,” என்றவர் கோப்பைத் திறந்தார். “அதுக்கு முதல் ஒண்டு கேக்க வேணும். இதுக்குள்ளே உங்கட எழுத்திலே பதினாலு கடதாசி கிடக்கு. எல்லாத்திலும் ஒரு பேர். ஆர் இந்த ராஜேஸ்வரி?”

சேர் மகளிடம் சொல்லவே இல்லை. அந்த விபத்து நடந்தபோது ஜனனி மூன்று வயதுப் பிள்ளை. தெரியாது, ஏதோ பழைய கதை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் வரை வந்தும்விட்டது. அப்படிச் சொன்னால் இரண்டாம் தரமும் “இல்லை” என்று எழுதியவனாவேன்.

சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்துச் சொன்னேன். ஜனனி அழவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“அப்பா எனக்குச் சொல்லேல்லை. உங்களைக் கொண்டு எழுதுவிச்சிருக்கிறார்,” என்றார்.

பிறகு ஜனனிக்கான படிவத்தை எடுத்தேன். கேள்வியை வாசித்தேன். “எனக்கு ஒண்டும் நடக்கேல்லை,” என்றார். பதினைந்து வருடமாக ஓட்டுகிறவர், தகப்பனைப் போலவே நிதானம். நான் “இல்லை” என்று எழுதினேன். இம்முறை அதுதான் உண்மை. அந்தப் பெயர் இனி எந்தப் படிவத்திலும் வராது.

“இடத்தைக் காட்டுவீங்களோ?” என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனைக்குப் போனோம். எனக்கு அந்த இடம் தெரியும். ஒரு தடவை சேர் என்னை அந்த வழியாக ஏற்றிச் சென்றபோது, வெறும் வீதியில் காரை நிறுத்தி, “பொறும், ஒராள் கடக்கட்டும்,” என்றார். யாரும் இருக்கவில்லை. எந்த வளைவு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இதுதான் அந்த வளைவு என்று நான் சொல்லும் முன்பே, ஜனனி தானாகவே பிரேக்கை மிதித்தார்.

“சின்னனிலே இதிலே நிப்பாட்டுவார்,” என்றார். “ஆள் கடக்கட்டும் எண்டுவார். நான் கண்ணாடியாலே எட்டி எட்டிப் பார்ப்பன். எனக்கு மட்டும் ஆள் தெரியேல்லை எண்டு நினைச்சன்.”

பின்னால் ஹோர்ன் சத்தம் பெருகியது. ஒரு முச்சக்கர வண்டிக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, “அக்கே, மொகத வுணே?” என்று சிங்களத்தில் கேட்டார். என்ன நடந்தது என்கிறார்.

ஜனனி இரண்டு கைகளையும் ஸ்டியரிங் வளையத்தில் வைத்தபடி, முன்னால் கிடந்த வெறும் வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கெனெக் பார பனினவா.”

ஒருவர் வீதியைக் கடக்கிறார் என்று அர்த்தம். முச்சக்கர வண்டிக்காரர் வீதியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு ஏனோ அவரும் நின்றார்.

போய் வாருங்கள், சேர். ராஜேஸ்வரி கடந்து முடியும்வரை நாங்கள் நிற்கிறோம்.