மீசைக்குப் பொருந்தாத முகமூடி

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஐம்பதை நெருங்கும் ஆண்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் கிரீன் கார்டைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது மூச்சு மெஷினைப் பற்றிப் பேசுகிறார்கள். எது சத்தம் போடாது, எதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், எதைப் பிளேனில் கொண்டுபோகலாம் என்று சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தால் ஓயமாட்டார்கள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். குறட்டைக்கு ஒரு மெஷினா என்று எனக்கு இளக்காரம்.

அந்த இளக்காரத்துக்குக் காரணம் என் அப்பா. ஈரோட்டுப் பக்கம் அரசு பஸ் டிரைவராக இருந்தவர். அவர் விடும் குறட்டை தெருமுனை வரை கேட்கும். அதை யாரும் வியாதி என்று நினைத்ததில்லை, உழைத்துக் களைத்த மனுஷனின் தூக்கம் என்றுதான் சொன்னார்கள். இடையிடையே அந்தச் சத்தம் சட்டென்று நின்றுபோகும். அம்மா சத்தத்துக்கு விழிக்கமாட்டாள், அது நின்றால் விழித்துவிடுவாள். அப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "ஏனுங்க, திரும்பிப் படுங்க" என்பாள். அப்பா பெரிதாக மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பார். காலையில் கேட்டால் இரண்டு பேருக்கும் எதுவும் நினைவிருக்காது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் தூங்குவார்கள் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அதே குறட்டைதான். ஆனால் என் மனைவி தட்டுகிற ரகம் இல்லை. தலையணையை எடுத்துக்கொண்டு மகள் அறைக்குப் போய்விடுவாள். இரவெல்லாம் என் மூச்சு நின்று நின்று ஓடியதும், பகலெல்லாம் நான் அரைத் தூக்கத்தில் திரிந்ததும் ஆபீஸ் அலுப்பு என்ற கணக்கில் போய்க்கொண்டிருந்தது. வீடு இருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஆபீஸ் இருக்கும் பார்சிப்பனிக்குத் தினமும் ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் யாருக்குத்தான் அலுப்பு வராது?

ஒரு சனிக்கிழமை மகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப்போகும்போது அந்தக் கணக்கு தப்பிப்போனது. நல்ல வெயில். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "அப்பா! வேக் அப்!" என்று பின்சீட்டிலிருந்து அவள் அலறியபோது கார் பாதையைவிட்டு இறங்கிப் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு மரம். பிரேக்கை மிதித்தேன். மரத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம்தான் மிச்சம். அவள் அழவில்லை. புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "கேன் அம்மா பிக் மீ அப்?" என்று மட்டும் கேட்டாள்.

மனைவி வந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். சாவிக்காகக் கையை நீட்டினாள், கொடுத்தேன்.

"தூங்கற வியாதிய சரி பண்ணிட்டு வந்து சாவியக் கேளு. அதுவரைக்கும் எம் பொண்ண உன் கார்ல ஏத்தமாட்டேன்" என்றாள்.

என் பொண்ணு என்றாள். அதுவரை எங்கள் வீட்டில் அவள் நம்ம பொண்ணாகத்தான் இருந்தாள்.

அப்புறம் டாக்டர், தூக்கப் பரிசோதனை. மூச்சு நிற்கும் வியாதிதான், அதுவும் மோசமான அளவில் இருக்கிறது என்றார் டாக்டர். சீபேப் என்ற மெஷின் மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளித் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்குமாம். ஒரே அழுத்தத்தில் ஊதுகிற வகை, தேவைக்கேற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை, உள்ளே இழுக்க ஒன்று வெளியே விட ஒன்று என்று இரண்டு அழுத்தம் தருகிற வகை என்று அதில் பல உண்டு. நான் இன்ஜினியர். ஒரு டோஸ்டர் வாங்கவே வாரக்கணக்கில் ரிவ்யூ படிப்பவன். பார்ட்டியில் எவர்களிடமிருந்து நழுவிக்கொண்டிருந்தேனோ அவர்களுக்கே போன் போட்டு மெஷின் ஞானம் கேட்டேன். கடைசியில் தானே அழுத்தம் மாற்றிக்கொள்ளும் வகையைத் தேர்ந்தெடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வேலை அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மெஷின் கொடுக்கிற கடையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: மெஷின் எதுவானாலும் ஊதும், முகத்தில் உட்காரும் முகமூடி சரியாக இல்லாவிட்டால் ஊதுகிற காற்றெல்லாம் அறைக்குத்தான் போகும். சுவரோரம் பிளாஸ்டிக் தலைகள் வரிசையாக முகமூடி மாட்டிக்கொண்டு நின்றன. ஒரு தலைக்குக்கூட மீசை இல்லை.

என் மீசை நல்ல அடர்த்தி. முதலில் மூக்குத் துளைக்குள் செருகும் சின்ன வகையைக் கொடுத்தாள். அது மீசைக்கு மேலேயே நின்றுகொண்டது. ஆனால் என் மூக்குத் தண்டு வளைந்தது, தூங்கினால் வாய் திறந்துவிடும். மூக்கில் ஏறிய காற்று வாய் வழியாகப் புஸ்ஸென்று போனது. தாடையைக் கட்டும் பட்டை போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் பார்த்தால் பாடையில் படுக்கவைத்த பிணத்துக்கு வாய்க்கட்டுக் கட்டியது மாதிரியே இருந்தது. கழற்றி எறிந்தேன். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய முகமூடிதான் எனக்குச் சரி என்று ஆனது. அதுவோ மேலுதட்டில் ஒட்டினால்தான் வேலை செய்யும். மீசைக்கு இடையில் காற்று கசிந்து நேராகக் கண்ணில் அடித்தது. தலையைச் சுற்றும் வாரை இறுக்கினேன். கன்னம் புண்ணானது, கசிவு நிற்கவில்லை. காலையில் மெஷினோடு வந்த செயலியைப் போனில் திறந்தால் சிவப்பு அடையாளம் முறைக்கும். இப்படிப் பாதி இரவில் கழற்றிவைத்துக்கொண்டிருந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் மெஷினைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று வேறு எச்சரிக்கை.

"ஷேவ் செய்துவிடுங்கள், இது கச்சிதமாகப் பொருந்தும்" என்றாள் கடைப் பெண், தலைமுடியை வாரிக்கொள்ளுங்கள் என்று சொல்வதுபோல.

எங்கள் பக்கத்தில் அப்பா இறந்தால் மகன் மீசையை எடுப்பான். சடங்கில் நாவிதர் வந்து எடுத்துவிடுவார். ஒருத்தன் மீசை இல்லாமல் தெருவில் வந்தால், அப்பா போய்ச் சேர்ந்துவிட்டாரா என்றுதான் ஊர் கேட்கும். அப்பா உயிரோடு இருக்கும்போது எடுப்பது அவர் சாவை வாசல் வரை அழைத்துவருவதற்குச் சமம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று பலரிடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் ரேசரைக் கையில் எடுத்தபோது கை எழவில்லை.

"எங்கப்பா இருக்கறப்பவே எங்கண்ணன் எடுத்துட்டான். என்ன ஆச்சு? அவர் இன்னமும் வாக்கிங் போயிட்டுத்தான் இருக்கார்" என்றாள் மனைவி. அவள் சென்னைக்காரி.

மீசை எடுக்கும் யோசனையை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடாது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், டாக்டர் சொல்கிறார், மனைவி சொல்கிறாள் என்று பூசி மெழுகிச் சொல்லிவைத்தேன்.

"அப்பன் குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறப்ப மீசைய எடுப்பாங்களா? என்ற தாலிய நீயே அறுத்துப்போடுவயாட்ட இருக்குது. இந்தப் பேச்சு இதோட உடு கண்ணு" என்றாள்.

விட்டேன். காரில் பின்சீட்டில் பிள்ளையைப்போல உட்கார்ந்து போனேன். மனைவி ஓட்டினாள். மகள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் அப்பாவே கூப்பிட்டார். அவர் போன் செய்கிறவர் அல்ல. அம்மா பேசி முடித்ததும் வாங்கி, "சாப்பிட்டயா" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்று பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது. கடைவீதிக்கு வந்து பேசுகிறார் என்று புரிந்தது.

"மீசைய எடுத்துப்போடு சாமி. உங்கம்மாகிட்டச் சொல்லிக்க வேண்டாம்" என்றார்.

"இல்லைங்ப்பா, வேற மாஸ்க் பாத்துட்டிருக்கறனுங்க."

"நான் ஸ்டீரிங் புடிச்சவன்டா. கண்ணசந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். புள்ளையப் பின்னால வெச்சுட்டு ஓட்டறவன் நீயி. மசுருதான, மொளைச்சுக்கும்."

வைத்துவிட்டார். அப்போதும் சில நாள் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு காலையில் எடுத்தேன். கண்ணாடியில் யாரோ ஒரு ஆள், வேலை போனவன் மாதிரி நின்றான். மகள் பார்த்துவிட்டு, "யூ லுக் ஸோ ஸேட், அப்பா" என்றாள்.

முகமூடி பொருந்தியது. மேலுதட்டில் மெத்தென்று உட்கார்ந்தது, ஒரு துளிக் காற்று வெளியே போகவில்லை. மறுநாள் விழித்தபோது பல வருடக் காய்ச்சல் இறங்கியதுபோல் இருந்தது. காபி வாசனை புதிதாக இருந்தது. மனைவி தன் தலையணையோடு திரும்பி வந்தாள். கொஞ்ச நாளில் சாவியும் வந்தது. மகள் என் காரில் ஏறினாள், முதல் தடவை வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். நான் தூங்கிவிடாமல் இருக்கத்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது.

அம்மாவிடம் மட்டும் மறைக்க வேண்டியிருந்தது. வீடியோவில் பேசும்போது நெற்றியும் கண்ணும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொள்வேன். "மூஞ்சியவே காட்டமாட்டேங்கறயே கண்ணு" என்பாள். கேமரா சரியில்லை என்பேன். பின்னால் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தலையைத் தூக்கவே மாட்டார்.

அப்படிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அப்பா போனார். மாரடைப்பு. பேப்பர் மடியிலிருந்து நழுவியதைப் பார்த்து, கண்ணசந்துவிட்டார் என்று நினைத்து அம்மா மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.

நான் போய்ச் சேரும்வரை அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அம்மா. நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "சேதி கேட்டதுமே எடுத்துப்போட்டானாட்ட இருக்குது, பாசமான பையன்" என்று ஒரு பெரியவர் சொன்னார். நாலு பேர் ஆமோதித்தார்கள். அம்மா என் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கன்னத்தில் வார் பதிந்த தழும்பைப் பார்த்தாள். சடங்கில் நாவிதர் வந்தார். எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் தெளித்து, வெறும் தோலில் கத்தியை ஒரு தடவை இழுத்து, சாங்கியத்தை முடித்துவைத்தார். அப்பாவுக்குக் கொடுக்க வேண்டியதை அவர் இருக்கும்போதே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றதுபோல இருந்தது. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

அன்றைக்கு இருந்த களைப்பில் மெஷினை எடுக்கவே தோன்றவில்லை. கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் விழுந்தவன்தான். காலையில் உறவுக்காரப் பெண்கள், "அப்பனாட்டவேதான் கொறட்டை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை பாறையாகக் கனத்தது.

மறுநாள் படுக்கும் நேரத்தில் மெஷினை வெளியே எடுத்து ஒயரைச் செருகினேன். அம்மா பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கோசரந்தான் எடுத்தயா?"

"ஆமாம்மா. அப்பாதான் எடுக்கச் சொன்னாரு."

"அவரு சொல்லுவாரு. அவருக்கென்ன, போயிட்டாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம் இருக்கும் என்று முகத்தில் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது போட்டா கொறட்டை வராதா கண்ணு?"

"வராதும்மா."

மெஷினை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க இருக்கற வரைக்கும் அது வேண்டாம். நேத்து நீ கொறட்டை உட்டயா, உங்கப்பன் பக்கத்துல படுத்திருக்கறாப்லயே இருந்துச்சு. நானும் செத்த நேரம் தூங்கினேன்."

ஒயரைப் பிடுங்கிச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். எத்தனை கடை ஏறி, எத்தனை முகமூடி மாற்றி, என்ன விலை கொடுத்து ஒழித்த சத்தம் அது. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. மூச்சு நின்ற ஏதோ ஒரு நேரத்தில் தோளில் தட்டு விழுந்தது. திடுக்கிட்டுக் காற்றை இழுத்துக்கொண்டு விழித்தேன். அம்மாவின் கை என் தோள்மேல் இருந்தது. கண் மூடியிருந்தது. அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, திரும்பிப் படுங்க" என்றாள்.

திரும்பிப் படுத்தேன்.