இருநூற்றுப் பதினேழு யார்?

நான் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்கிறேன். கல்லூரி அணிக்காக நானூறு மீட்டரும் ஓடுகிறேன். அன்று காலை ஆவடியில் போட்டி, மதியம் இன்டர்னல் தேர்வு. ஓடி முடித்ததும் ஜெர்சிக்கு மேலேயே சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து எழுதினேன்.

அடுத்த வாரம் மேடம் மார்க் வாசித்தார். என் பெயர் வந்ததும், "நீ ஆப்சென்ட்" என்றார்.

"எழுதினேனே மேடம்."

"அப்போ பேப்பர் எங்கமா?"

எழுதினேனா, அசதியில் எழுதியதாக நினைத்துக்கொண்டேனா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தோழி ஷீலாதான், "என் முன்னாடி உக்காந்துகினு எழுதுனா மேடம்" என்றாள்.

மேடம் தனியாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். "இருநூத்திப் பதினேழு யாரு? இந்த கிளாஸ்ல அப்படி நம்பரே இல்லியே."

அது ஓடும்போது மார்பில் குத்திக்கொள்ளும் என் செஸ்ட் நம்பர். காலையெல்லாம் மைதானத்தில் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். விடைத்தாளில் பெயர் கிடையாது, ரோல் நம்பர் மட்டும்தான்; அந்த இடத்தில் கை அதையே எழுதிவிட்டது.

இப்போதெல்லாம் ஐ.டி. கார்டைப் பார்த்துத்தான் நம்பர் எழுதுகிறேன். ஆனால் போன போட்டியில் செஸ்ட் நம்பர் கேட்டவரிடம், பன்னிரண்டு இலக்க ரோல் நம்பரை முழுதாக ஒப்பித்தேன்.

"இன்னாமா, அவ்ளோ பேரா ஓட வந்துகீறீங்க?" என்றார்.