நான் கட்டிய தார்ப்பாய்

பெரம்பலூர் வட்டாரத்தில் தகரக் கொட்டகை போடுகிறவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. செட்டிகுளத்தில் ஓர் அக்காவுக்குச் சின்ன வெங்காயம் போட்டு வைக்க, நாலு பக்கமும் திறந்த, சரிவு குறைந்த கொட்டகை ஒன்று போட்டேன்.

"காத்து தூக்கிடாதே தம்பி?" என்றார்.

"திறந்துதானக்கா கெடக்கு. வந்த காத்து அந்தப் பக்கமா போயிடும்."

பிறகு கிழக்கே சாரல் அடிக்கிறது என்றார். அந்தப் பக்கம் முழுக்க நானே தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன்.

ஒரு மத்தியானம் தூணுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். மேற்கேயிருந்து பெருங்காற்று வந்தது. உள்ளே புகுந்த காற்று தார்ப்பாயில் முட்டி, கூரையைத் தூக்கியது. அக்கா உள்ளே இருந்தார். தூணைக் கட்டிப்பிடித்தேன். தூண் மண்ணோடு எழும்பியது. என் கால் தரையில் இல்லை. தார்ப்பாய் கிழிந்து பறந்த நொடியில் தூண் என் கைக்குள் கனத்து இறங்கியது. சாய்ந்த கூரை அக்காவின் காலை முறித்தது.

"தம்பி புடிக்கலன்னா செத்திருப்பேன்" என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மூன்று நாள் தலைகுனிந்து கேட்டேன். நாலாம் நாள் சொல்லிவிட்டேன்.

"அந்தத் தார்ப்பாயாலதான்க்கா கூரை எந்திரிச்சுது. ஒரு பக்கம் அடைச்சா காத்துக் கணக்கே வேறன்னு ஒரு இன்ஜினீயர் சாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கட்டறப்ப எனக்குத் தெரியல."

அக்கா கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு, "வேற எங்கல்லாம் அப்படிக் கட்டியிருக்க?" என்றார்.

"ஏழு எடத்துல."

"அப்பறம் இங்க ஏன் ஒக்காந்திருக்க? போய் அவுத்து விடு."

அரியலூர் வரை போய் ஏழு தார்ப்பாயையும் அவிழ்த்தேன். ஏழு வாசலிலும் என் தப்பைச் சொன்னேன். இப்போதெல்லாம் யாராவது அடைக்கச் சொன்னால், "எனக்குத் தெரியாது, இன்ஜினீயர் சாரைக் கேட்டுட்டு வரேன்" என்கிறேன். அதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.